ஏழாம் காது

அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்று பெயர். வைத்தவர், கடலில் நிறுத்தியிருக்கும் வானிலை மிதவைகளுக்குப் போய்வரும் படகின் கேப்டன். வைத்ததோடு விடாமல், கடலில் இருந்து பேசும்போதெல்லாம் "சல்லடை அக்கா இருக்காங்களா?" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டு, பெயரை நிலைக்கவும் வைத்துவிட்டார். ஆறு மாதத்தில் இயக்குநரே வாய் தவறி அப்படிக் கூப்பிட்டுவிட்டு இருமி மழுப்பினார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். உள்ளுக்குள் பெருமைதான். கண்டதையும் உள்ளே விடாதவள் என்று நாலு பேர் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்.

கடலில் விழும் மின்னலைக் கரையில் உட்கார்ந்தபடி கண்டுபிடிப்பது அவள் வேலை. கேட்க ஏதோ மாயம் மாதிரி இருக்கும், விஷயம் எளிதுதான். மின்னல் வெட்டினால் பழைய ரேடியோ கரகரக்கும் அல்லவா, அந்த அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடும். அதைப் பிடிக்கச் சமுத்திரத்தைச் சுற்றித் தீவுகளிலும் கரைகளிலுமாகப் பதினொரு கருவிகள், யார் யாருடைய மொட்டைமாடிகளிலோ வைக்கப்பட்டிருக்கின்றன. அலுவலகத்தில் அவற்றைக் காது என்பார்கள். முதல் காது, இரண்டாம் காது என்று வரிசையாக எண் உண்டு. சத்தம் எந்த நேரத்தில் வந்தது என்று ஒவ்வொரு காதும் குறித்து அனுப்பும். குறைந்தது ஐந்து காதுகளாவது கேட்டிருந்தால், யார் முந்தி யார் பிந்தி என்று ஒப்பிட்டுக் கணினி படத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைக்கும். நேரம் என்றால் நம் கைக்கடிகார நேரம் இல்லை. ஒரு நொடியைப் பத்து லட்சம் துண்டாக்கி, அதில் எத்தனையாவது துண்டு என்று சொல்கிற நேரம். ஒரு துண்டு பிசகினால் இடம் முந்நூறு மீட்டர் பிசகும்.

ஐந்து காதுகள் சொல்வதும் ஒன்றோடொன்று சரியாகப் பொருந்தாது. எவ்வளவு பொருந்தவில்லை என்பதற்குக் கணினி ஓர் எண் போடும். அந்த எண் முப்பதைத் தாண்டினால் புள்ளி படத்துக்கு வராது, கழிவு என்றொரு பட்டியலுக்குப் போய்விடும். முப்பது என்பது அவள் வேலைக்குச் சேருவதற்கு முன்பே இருந்த எல்லை. அதைப் பதினைந்தாகக் குறைத்தவள் அவள்தான்.

அதற்கு ஒரு கோபம் காரணம். ஒருநாள் வெயில் கொளுத்துகிற பகலில் படத்தில் ஐந்தாறு சிவப்புப் புள்ளிகள் வந்தன. விதிப்படி ஐம்பது கிலோமீட்டருக்குள் மின்னல் இருந்தால் மிதவையில் ஆள் ஏறக் கூடாது. படகு மூன்று மணி நேரம் சும்மா நின்றது. வானத்தில் கைக்குட்டை அளவுக்குக்கூட மேகம் இல்லை. "அக்கா, உங்க மின்னல் இங்க வெயில் காயுது, வந்து கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார் கேப்டன். பின்னால், அதே படகில் வேலை பார்க்கும் அவள் தம்பி விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு மாதம் உட்கார்ந்து பழைய பதிவுகளை எல்லாம் அலசினாள். பொய்யான மின்னல்கள் பெரும்பாலும் பதினைந்துக்கு மேலேதான் இருக்கின்றன என்று நிரூபித்து ஒன்பது பக்கத்துக்குக் குறிப்பு எழுதினாள். ஏழாம் பக்கத்தில், இப்படிச் செய்தால் உண்மையான மின்னல்களிலும் நூற்றுக்கு நான்கு விட்டுப்போகும், இது ஏற்கத்தக்கது என்று அவளே எழுதியிருந்தாள். இயக்குநர் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு படம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. கேப்டனும் வாயை மூடிக்கொண்டார். பெயர் மட்டும் மிச்சம்.

தம்பி அந்தப் படகில்தான் மிதவைகளைப் பழுதுபார்ப்பவன். ஆள் நெட்டையாக, ஒல்லியாக இருப்பான். படகில் அவனுக்கு ஒட்டடைக்குச்சி என்று பெயர். அப்பா அம்மா இரண்டு பேரும் அடுத்தடுத்துப் போனபோது அவனுக்குப் பதினொரு வயது, அவளுக்கு இருபத்திரண்டு. அவனைப் படிக்க வைத்தாள், காய்ச்சலில் கண்விழித்தாள், கணக்குப் பாடத்துக்காகக் காதைத் திருகினாள். தனக்கொரு கல்யாணம் என்று யாராவது பேச்செடுத்தால் பேச்சை மாற்றினாள். அவனுக்குப் பெண் பார்த்து முடித்து வைத்தவளும் அவள். மிதவை வேலைக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது என்று சொல்லிக் கையைப் பிடித்து நிரப்ப வைத்தவளும் அவள். இரண்டு பேரும் ஒரே அலுவலகம், அவன் கடலில், நான் கரையில், என் கண் எதிரிலேயே இருப்பான் என்று கணக்குப் போட்டாள். தம்பிக்கு ஐந்து வயதில் ஒரு மகள். பாப்பா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சல்லடை அங்கேதான் இருப்பாள். பாப்பாவுக்கு அத்தை வந்தால் அப்பாகூட இரண்டாம்பட்சம்.

அந்த நாளைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மிதவை என்றால் ஒரு கார் அளவுக்கு மஞ்சள் தொப்பை, அதன் மேல் நாலு மீட்டருக்கு ஒரு கம்பம், கம்ப உச்சியில் காற்று அளக்கும் கருவி. தொப்பைக்குள் பேட்டரிகள். பேட்டரியில் இருந்து வாயு கசியும் என்பதால் மூடியைத் திறந்து, இருபது நிமிடம் காற்றாட விட்டுவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் கரைக்குப் பேசி மின்னல் நிலவரம் கேட்க வேண்டும். வழக்கமாகக் கேப்டன் கேட்பார். அன்றைக்குத் தம்பியே பேசினான். மணி இரண்டு ஏழு.

"அக்கா, ஏறலாமா?"

அவள் படத்தைப் பார்த்தாள். மிதவையைச் சுற்றி ஒரு புள்ளி இல்லை. "சுத்தமா இருக்கு. ஏறு."

"வடகிழக்குல நல்லா கறுத்துக்கிட்டு வருதே."

"கறுத்தா மழை வரும். மின்னல் ஒண்ணும் இல்ல. பதினோரு காது கேட்டுச் சொல்லுது, உன் கண்ணு அதைவிடப் பெருசா?"

"சரி தாயே" என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

இதுதான் அவர்கள் பேசிய கடைசிப் பேச்சு. பெரிதாக ஒன்றும் இல்லை. மேகத்தைப் பார்த்து வேலையை நிறுத்துவது என்றால் அந்தக் கடலில் வருஷத்தில் பாதி நாள் வேலையே நடக்காது, அதுவும் உண்மைதான். இரண்டு இருபத்தைந்துக்குக் கேப்டன் பேசினார். அவர் குரல் அவர் குரல் மாதிரியே இல்லை. மிதவையில் வெடித்துவிட்டது, கம்பம் முறிந்துவிட்டது, ஒட்டடைக்குச்சி தண்ணீரில், தேடிக்கொண்டிருக்கிறோம் என்றார். ஒரு மணி நேரம் கழித்து, கிடைத்துவிட்டான் என்றார். அவள் ஒரு விநாடி சந்தோஷப்பட்டாள். பிறகுதான் அவர் அழுவது காதில் விழுந்தது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். அலுவலகத்தின் கூட்ட அறையில் உட்கார்ந்து இரண்டு நாள் எல்லோரையும் கேட்டார்கள். கேப்டன், அந்த நேரத்தில் தான் படகைத் திருப்பிக்கொண்டு இருந்ததாகவும், கண்ணாடியில் வெளிச்சம் தெரிந்து காது அடைத்துப்போனதாகவும் சொன்னார். "மின்னல்னுதான் எனக்குத் தோணுது." தோன்றுவது வேறு, பதிவு வேறு என்றார்கள். பதிவு அவளுடையது. அவளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அன்றைய படத்தை விரித்து வைத்து, மின்னல் இல்லை என்று தன் வாயாலேயே சொன்னாள். எத்தனை உறுதி என்று கேட்டதற்கு, முழு உறுதி என்றாள்.

மின்னல் இல்லை என்றால் வாயு வெடித்திருக்க வேண்டும். வாயு வெடித்தது என்றால் மூடியைத் திறந்து காற்றாட விடவில்லை. பணியாளரின் கவனக்குறைவு. மூன்று வரியில் முடித்துவிட்டார்கள். யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. இயக்குநர் தோளைத் தட்டி, "உன் மேல ஒரு தப்பும் இல்ல" என்றார். அதைவிடக் கொடுமை, அவளும் அதை நம்பினாள். மூன்று வாரம் இறந்துபோனவன் மேல் கோபமாகவே இருந்தாள். அவசரக்குடுக்கை, இருபது நிமிடம் பொறுக்க முடியாதா உனக்கு, ஒரு பெண்ணையும் குழந்தையையும் நடுத்தெருவில் நிறுத்திவிட்டுப் போனாயே என்று பாத்திரம் கழுவும்போதும் பேருந்துக்கு நிற்கும்போதும் அவனை மனதுக்குள் திட்டித் தீர்த்தாள். திட்டினால் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

இருபத்தேழாம் நாள் மதியம் தம்பி மனைவி அலுவலகத்துக்கு வந்தாள். மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. கடைச் சட்டையோடேயே வந்திருந்தாள். வாசலில் இருந்த நாற்காலியில் உட்கார மறுத்து நின்றபடியே பேசினாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கணும். நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"கேளும்மா."

"வீட்டுல ஒரு பல்பு மாத்தணும்னாக்கூட அவர் மெயினை நிறுத்திட்டு, நிறுத்தினோமான்னு திரும்பப் போய்ப் பார்ப்பாரு. கேஸ் அடுப்பை மூடிட்டு மூக்கை வச்சு மோந்து பார்ப்பாரு. நான்கூடக் கிண்டல் பண்ணுவேன். அவரா மூடியைத் திறக்காம கை வச்சாரு?"

சல்லடை நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"கடைக்கு வர்றவங்க எல்லாம் பாவம் பார்க்கிற மாதிரி, கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்னு சொல்லிட்டுப் போறாங்க. அதுகூடப் பரவாயில்ல. பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணு பாப்பாகிட்ட, உங்க அப்பா தப்பு பண்ணினதாலதான் செத்தாருன்னு சொல்லியிருக்கா. இவ வந்து என்னைக் கேக்கறா, அப்பா என்ன தப்பும்மா பண்ணாருன்னு. நான் என்ன சொல்ல?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இன்னொரு தடவை பாருங்க அண்ணி. மின்னல் இருந்துச்சான்னு."

"பார்த்தாச்சும்மா. ஒண்ணும் இல்ல."

"படத்தைப் பார்த்தீங்க. அவர் சொல்லுவாரு, எங்க அக்கா வர்றதுல பாதியை வடிகட்டித் தூக்கிப் போட்டுடும்னு. தூக்கிப் போட்டதுல பார்த்தீங்களா?"

சல்லடை அதில் பார்க்கவில்லை. மறந்துபோய்ப் பார்க்காமல் இருக்கவில்லை. அந்த எண்ணம் முதல் வாரமே ஒருமுறை தலைகாட்டியது, அவள் அதன் தலையில் ஒரு போடு போட்டு உட்கார வைத்துவிட்டாள். விசாரணைக்கு வந்தவர்களுக்குக் கழிவு என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெரிந்தவள் அவள் ஒருத்தி. இப்போது ஒரு மருந்துக்கடைப் பெண் நேராக அங்கே கை வைத்துவிட்டாள்.

"பார்க்கறேன்" என்றாள்.

சொல்லிவிட்டாளே தவிர இரண்டு நாள் அதன் பக்கமே போகவில்லை. வேறு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். காதுகள் அனுப்புகிற மூலப் பதிவும் கழிவுப் பட்டியலும் முப்பது நாள்தான் இருக்கும். அதற்குப் பிறகு கணினி தானே அழித்துவிட்டுப் புதியவற்றுக்கு இடம் செய்யும். முப்பத்தோராம் நாள், பார்த்தேன் ஒன்றும் இல்லை என்று சொன்னால் அதற்கு மேல் கேட்பதற்கு உலகத்தில் யாரும் இல்லை. பேச்சுவாக்கில் இயக்குநரிடம் அந்த நாளின் மூலப் பதிவை எடுத்து வைக்கலாமா என்று கேட்டாள். "எதுக்கும்மா? மனசைப் போட்டு அலட்டிக்காத. ரெண்டு மூணு நாள்ல அதுவே போயிடும்" என்றார். நல்ல மனுஷர், நல்லதற்குத்தான் சொன்னார். அவர் சொன்னபடி கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா.

இருபத்தொன்பதாம் நாள் காலையில், மற்றவர்கள் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்து, கழிவைத் திறந்தாள்.

முதலில் கண்ணில் பட்டது எண்ணிக்கை. அன்றைய கழிவு மற்ற நாட்களைப் போல நாலு மடங்கு. அந்த எண்ணிக்கை படத்தின் அடியில் சின்ன எழுத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும். அன்றைக்கு மதியம் அதைப் பார்த்ததுகூட அவளுக்கு நினைவு வந்தது. பார்த்துவிட்டு, பரவாயில்லையே, நம் எல்லை நன்றாக வேலை செய்கிறதே என்று நினைத்துக்கொண்டாள். அதை இப்போது நினைக்கையில் எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

பட்டியலை வரிவரியாகப் பார்த்தாள். மிதவை இருந்த நடுக்கடலில் எந்தச் சத்தத்தையும் ஐந்து காதுகளுக்கு மேல் கேட்பதில்லை. அந்த ஐந்தில் ஏழாம் காது உண்டு. தூக்கிப் போடப்பட்ட ஒவ்வொன்றிலும் ஏழாம் காது மட்டும் மற்ற நாலோடு ஒத்துப்போகாமல் இருந்தது. கேட்டிருக்கிறது, நேரத்தைத்தான் தப்பாகச் சொல்லியிருக்கிறது. கேட்கிற வரைக்கும், எந்தக் காது வேலை செய்கிறது என்று காட்டும் பட்டியலில் அதற்குப் பச்சை விளக்குதான் எரியும். அதனால் காலையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஏழாம் காது ஒரு தீவில், பழைய கிடங்கு ஒன்றின் மாடியில் இருக்கிறது. கிடங்குக் காவலாளியிடம் தொலைபேசியில் பேசி, அந்தத் தேதியில் மாடியில் என்ன நடந்தது என்று கேட்டாள். யோசித்து யோசித்துச் சொன்னார். "கூரை ஒழுகுதுன்னு வேலை பார்த்தோம்மா. அந்தக் கிண்ணம் மாதிரி ஒண்ணு இருக்கே, அதுல சாந்து பட்டுடக் கூடாதுன்னு தகரத்தைப் போட்டு மூடி வச்சோம். ஒரே ஒரு நாள்தான். மறுநாள் எடுத்துட்டோம். பத்திரமா இருக்கு."

அந்தக் கிண்ணத்தின் வழியாகத்தான் செயற்கைக்கோளில் இருந்து கடிகாரத்துக்கு நேரம் வரும். தகரம் மூடியதும் கடிகாரம் தன் போக்கில் ஓட ஆரம்பித்திருக்கிறது. அக்கறையாகத்தான் மூடியிருக்கிறார். அவரிடம் என்ன சொல்வது, நன்றி சொல்லி வைத்தாள்.

பிறகு செய்ய வேண்டியது அவளுக்குத் தலைகீழாகத் தெரியும். அதே மதியம் கரையோரம் விழுந்த வேறு மின்னல்கள் இருந்தன. எட்டு ஒன்பது காதுகள் கேட்டவை, ஏழாம் காதின் உதவி இல்லாமலே இடம் தெரிந்தவை. அவற்றை வைத்து, ஏழாம் காதின் கடிகாரம் எத்தனை துண்டு முந்தி ஓடியது என்று கண்டுபிடித்தாள். அறுபத்துமூன்று. அதைக் கழித்துவிட்டு, நடுக்கடல் கணக்குகளைத் திரும்பப் போட்டாள்.

ஒன்று முப்பத்தெட்டுக்கு முதல் புள்ளி வந்தது, மிதவைக்கு வடகிழக்கே நாற்பத்தொரு கிலோமீட்டரில். அடுத்தது முப்பத்தாறில். பிறகு முப்பத்துமூன்று. ஒவ்வொன்றாக மிதவையை நோக்கி வந்தன. அவள் ஏறு என்று சொன்ன இரண்டு ஏழுக்குள் மொத்தம் பதினொன்று. கடைசியாக வந்தது மிதவையில் இருந்து பன்னிரண்டே கிலோமீட்டரில். கடலில் மின்னல் கொஞ்சமாகத்தான் விழும், விழுந்தால் பலமாக விழும் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் அவள்தான் வகுப்பு எடுப்பாள். பதினொன்றும் பலமானவை. பன்னிரண்டாவது, இரண்டு பத்தொன்பதுக்கு, மிதவையின் மேலேயே விழுந்திருந்தது.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. கடிகாரத்தைத் திருத்தாமல் அப்படியே விட்டு, எல்லையை மட்டும் பழையபடி முப்பதாக்கிப் பார்த்தாள். பதினொன்றும் வந்தன. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இடம் தள்ளி, கோணல்மாணலாக, ஆனால் பதினொன்றும் ஐம்பது கிலோமீட்டருக்குள் வந்து நின்றன. அவள் எதையும் தொடாமல் இருந்திருந்தால் அன்றைக்குப் படம் சிவப்பாக இருந்திருக்கும். தம்பி படகில் உட்கார்ந்து கேப்டனோடு வம்பளந்துகொண்டு இருந்திருப்பான். ஏற்கத்தக்கது என்று எழுதிய கை மேசைமேல் இருந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அழுகை வந்தது, இருபத்தொன்பது நாள் வராத அழுகை. மூன்று வாரம் அவனைத் திட்டிய ஒவ்வொரு வார்த்தைக்கும் சேர்த்து அழுதாள்.

பத்தரைக்கு இயக்குநரின் மேசையில் நாலு பக்கம் கொண்டுபோய் வைத்தாள். அவர் படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"இதை விசாரணைக்காரங்களுக்கு அனுப்பினா என்ன ஆகும்னு யோசிச்சியா? இந்த எல்லையில என் கையெழுத்தும் இருக்கு. அதை விடு. உன்னை இந்த நாற்காலியில உட்கார விட மாட்டாங்க."

"தெரியும் சார்."

"போனவன் திரும்பி வரப் போறதில்ல."

"அவன் பேரு இருக்கு சார். அனுப்பிட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். கடைசியில், வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வா என்றார்.

தம்பி வீடு மூன்றாம் மாடி. பள்ளிக்கூடம் விட்டு வந்த பாப்பா உள் அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். துவைத்த துணிகள் நாற்காலியில் குவிந்திருந்தன, தம்பி மனைவி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, ஒரு தாளை நீட்டி, சல்லடை தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"மின்னல்தாம்மா. அவன் மேல தப்பு இல்ல. மூடியைத் திறந்துதான் வச்சிருப்பான். மின்னல் நேரா மிதவை மேலேயே விழுந்திருக்கு. விசாரணைக்கும் எழுதி அனுப்பிட்டேன்."

தம்பி மனைவி தாளை வாங்கவில்லை. முகத்தை ஒரு துண்டில் புதைத்துக்கொண்டாள். பிறகு சல்லடையின் இரண்டு கையையும் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எனக்குத் தெரியும் அண்ணி. எனக்குத் தெரியும். நீங்க இல்லேன்னா யாரு இதைப் பார்த்திருப்பாங்க. அவர் எங்க இருந்தாலும் நிம்மதியா இருப்பாரு."

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டு எழுந்து வந்திருந்தால் அவளுக்கு ஒரு குடும்பம் மிஞ்சியிருக்கும். சல்லடைக்கு அது தெரிந்தது. அந்தக் கைகள் இன்னும் கொஞ்ச நேரம் தன் கையைப் பிடித்திருக்கட்டும் என்று இருந்தாள். அவ்வளவுதான் அவளால் எடுத்துக்கொள்ள முடிந்தது.

"இன்னும் சொல்லி முடிக்கலம்மா" என்றாள்.

தகரம், கடிகாரம், முப்பது, பதினைந்து, எல்லாவற்றையும் சொன்னாள். ஒன்பது பக்கக் குறிப்பைச் சொன்னாள். வடகிழக்கே கறுத்து வருகிறது என்று அவன் சொன்னதையும், அதற்குத் தான் சொன்ன பதிலையும், ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். எங்கேயும் பூசி மெழுகவில்லை. பாதியில் தம்பி மனைவியின் கைகள் விலகிவிட்டன. அவள் தாளை எடுத்து, மருந்துச் சீட்டைப் பார்க்கிற மாதிரி மேலிருந்து கீழாக விரலை வைத்துப் பார்த்தாள்.

"ஒண்ணு முப்பத்தெட்டு" என்றாள். "அப்பவே தெரிஞ்சிருக்கு."

"ஆமா."

"ரெண்டு ஏழுக்கு அவர் கேட்டாரு."

"ஆமாம்மா."

"பதினோரு தடவை சொல்லியிருக்கு. நீங்க வேணாம்னுட்டீங்க."

சல்லடை ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

தம்பி மனைவி தாளை நாலாக மடித்து, மடித்த துணிகளுக்கு அடியில் வைத்தாள். கத்துவாள், அடிப்பாள், வெளியே போ என்பாள் என்று சல்லடை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். அதில் எது நடந்திருந்தாலும் தாங்கிக்கொண்டிருப்பாள். தம்பி மனைவி ஒரு சின்னச் சட்டையை எடுத்து, கையை உள்பக்கமாக மடக்கி, அழுத்தித் தடவினாள். பேசும்போது குரல் உயரவே இல்லை.

"பாப்பாகிட்ட அப்பா தப்பு பண்ணலன்னு நான் இன்னைக்கே சொல்லிடுவேன். அப்ப யாரு பண்ணதுன்னு இன்னைக்குக் கேக்க மாட்டா, சின்னப் புள்ள. ஒருநாள் கேப்பா. அன்னைக்கு என்னால சொல்ல முடியாது அண்ணி. நீங்கதான் சொல்லணும்."

"சொல்றேன்."

"அதுவரைக்கும் ஞாயித்துக்கிழமை எப்பவும் போல வந்துட்டுப் போங்க. அவளுக்கு அப்பா வழியில வேற யாரும் இல்ல. கேக்கற நாள் வரைக்கும் அவ உங்களை அத்தைன்னு கூப்பிடட்டும்."

உள்ளே இருந்து பாப்பா ஓடி வந்தாள். பின்னல் அவிழ்ந்து முடி முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. யாரையும் கேட்காமல் சல்லடையின் முழங்கால்களுக்கு நடுவே வந்து முதுகைக் காட்டி நின்று, ரப்பர் பேண்டைப் பின்னால் நீட்டினாள். "அத்தை, இறுக்கமாப் போடுங்க. அம்மா போட்டா நிக்கவே மாட்டேங்குது."

சல்லடை ரப்பர் பேண்டை வாங்கிப் பல்லில் கவ்விக்கொண்டு, முடியை மூன்றாகப் பிரித்தாள். எத்தனை வயதில் கேட்பாள் என்று தெரியவில்லை. பத்து வயதிலா, பதினைந்திலா. தம்பி மனைவி அடுத்த துணியை எடுத்தாள். பாப்பா ஆடாமல் நின்றாள், அத்தை இறுக்கிப் பின்னிக்கொண்டிருந்தாள்.